சொகுசுக் கப்பல் கோமாளி, ராமநாதபுரம் கரையில்

வெள்ளி இரவு, ராமநாதபுரம்

அடுத்த கான்ட்ராக்ட்டுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதால், மைக் செட் வாடகைக்கு விடும் மாமா மகனோடு கிளம்பிவிட்டேன். வைகாசி பிறந்தால் அவனுக்குத் தூங்க நேரமில்லை. பொங்கல், பூச்சொரிதல், கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர் என்று கரையோரம் முழுக்க அவனுடைய குழாய் ஸ்பீக்கர்தான் கத்திக்கொண்டிருக்கும். டாடா ஏஸ் வண்டியில் ஜெனரேட்டருக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கும் நடுவில் எனக்கு ஒரு இடம். காசு கேட்கவில்லை, ஆனால் போகிற வழியில் ஏதாவது ஒரு ஊரில் நான் மேடை ஏறியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டான். "கப்பல்ல வெள்ளக்காரனுக்குச் சொல்றத எங்க ஆளுகளுக்குச் சொல்லு மாப்ளே, பாப்போம்" என்றான். அந்தப் "பாப்போம்" எனக்குப் பிடிக்கவில்லை.

என் வேலை தெரியாதவர்களுக்கு: ஊர் சுற்றிக் காட்டும் பெரிய பயணிகள் கப்பலில் ராத்திரி மேடையேறி ஆட்களைச் சிரிக்க வைப்பது. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல் என்றால் நம் ஆட்கள் நிறைய வருவார்கள், அப்போது இந்தியும் தமிழும் கொஞ்சம் உள்ளே நுழையும். இந்த மாவட்டத்தில் கப்பல் வேலை என்றால் தனி மரியாதை உண்டு, அந்த மரியாதை எனக்கு இரண்டு கேள்வி வரைக்கும்தான் நிற்கும். இன்றைக்கு அரண்மனைப் பக்கம் டீக்கடையில்கூட அதே கதை.

"தம்பி எங்க இருக்கீக?"

"கப்பல்ல அண்ணே."

"அட! என்ன வேலை?"

"காமெடி."

"அது சரி, வேலை என்ன?"

இந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கக்கூடாது என்று அம்மா தெருவில் "கப்பல்ல ஆபீசர்" என்று சொல்லி வைத்திருக்கிறார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. என்னைப் போன்றவர்களுக்குத் தனி அறை உண்டு, பயணிகள் நடமாடும் இடத்தில் நடமாடலாம், அவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிடலாம். அறை சுத்தம் செய்கிற பையனுக்கு அது எதுவும் கிடையாது.

நடமாடலாம் என்பதுதான் பிரச்சினையே. கரையில் நிகழ்ச்சி நடத்துகிறவன் முடிந்ததும் வண்டி ஏறிப் போய்விடுவான், கூட்டம் அவனை மறுபடி பார்க்காது. எனக்கு ராத்திரி 45 நிமிடம் ஒரு ஷோ, சாப்பாட்டுப் பந்தி இரண்டு தடவை என்பதால் அதே ஷோ இன்னொரு தடவை, விடிந்தால் அதே முகங்கள் ஆம்லெட் வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கும். நேற்றுச் சிரித்தவர் கை கொடுப்பார். சிரிக்காதவர் ஆம்லெட்டையே உற்றுப் பார்ப்பார். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம், பதினாலாவது தளம் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போகவேண்டும்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் மாலுமிகளுக்குக் கொடுக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை நானும் முடித்தேன். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு குளத்தில் குதிப்பது, தீயை அணைப்பது, முதலுதவி எல்லாம் உண்டு. ஆபத்துக் காலத்தில் என் இடம் ஒரு படிக்கட்டு. சைரன் ஏழு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும் ஊதினால் நான் போய் அந்தப் படிக்கட்டில் நின்று ஜனங்களுக்கு வழி காட்டவேண்டும். என் பேச்சை யாரும் சிரிக்காமல் கேட்பது அங்கே மட்டும்தான்.

தூக்கம் வருகிறது. நாளைக்குத் தேவிபட்டினம் பக்கம்.

சனி, தேவிபட்டினம் பக்கம்

(ஞாயிறு காலையில்தான் போட முடிந்தது, ராத்திரி முழுக்க நாடகம்.)

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லையும் சுற்றிவிட்டு வந்தோம். ராமர் வைத்த நவகிரகம் என்பது நம்பிக்கை. கடல் இங்கே அலையே இல்லாமல் கிடக்கிறது. தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம், வெயில், அவ்வளவுதான், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ராத்திரி கதை. அங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் மச்சானுக்கு வேலை. மேடையில் வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானார், அவர் எழுதி வைத்த நாடகத்தை இன்னமும் இந்தச் சீமையில் விடிய விடிய ஆடுகிறார்கள். ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், இது ஒரு கம்பெனி இல்லை, ஒரு குழுவும் இல்லை. நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், கோமாளி வேஷம் கட்டும் பபூன் வேறு ஊர், ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறு வேறு ஊர், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்து வரவழைக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், ஒத்திகை கிடையாது, பத்து மணிக்கு மேடை.

நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கப்பலில் எங்கள் கதையும் இதேதான். மேஜிக்காரர் ஒரு துறைமுகத்தில் ஏறுவார், பாட்டுக்காரி இன்னொரு துறைமுகத்தில் ஏறுவார், மத்தியானம் வாத்தியக்காரர்களோடு ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்து "இங்க நான் கையைத் தூக்குனா நிப்பாட்டுங்க" என்று பேசிக்கொள்வார்கள், ராத்திரி ஆயிரம் பேர் முன்னால் போய் நின்றுவிடுவார்கள். இதைப் பெரிய நவீன ஏற்பாடு என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மேடைக்கு வந்தவர் பபூன். ஐம்பதைத் தாண்டிய ஆள், காலில் சலங்கை. ஒரு பாட்டு, பிறகு பேச்சு. முன்னால் மணலில் கிழவிகள், பிள்ளைகள், கைக்குழந்தைகள், பாதி தூக்கத்தில். ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள், அவர்களில் பாதிப்பேர் வேறு போதையில். இந்தக் கூட்டத்துக்குக் கொஞ்சம் பச்சையான கதை எப்படிச் சொல்வது? கப்பலில் இதற்கு வழி எளிது. முதல் ஷோ குடும்பத்துக்கு, பதினோரு மணி ஷோ பெரியவர்களுக்கு, வாசலில் ஆள் நின்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே வாசல் எங்கே இருக்கிறது! பபூன் செய்தது என்ன தெரியுமா? பச்சையான இடம் வந்ததும் கூட்டத்தின் பக்கமே திரும்பவில்லை. மிருதங்கக்காரரிடம் போய் உட்கார்ந்துகொண்டு, அவரிடம் மட்டும் ரகசியம் சொல்வது போல மைக்கில் சொல்கிறார். மிருதங்கக்காரர் "ஆமா... அப்புறம்?" என்று கேட்கிறார். கதை இரண்டு ஆண்களுக்கு நடுவில் நடக்கிறது, பெண்கள் தற்செயலாகக் காதில் விழுந்ததாகப் பாவித்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும், தாளச் சத்தங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆல்ரவுண்ட்காரர் ஒரு தட்டு தட்டி முத்திரை வைக்கிறார். நான் மச்சானைக் கிள்ளினேன், அவன் மிக்சரில் கை வைத்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிவாக்கில், நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கியிருந்தபோது, மேடைக்குப் பின்னால் பபூனைப் பிடித்தேன். சாயத்தைத் தேங்காய் எண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் இந்தத் தொழில்தான் அண்ணே என்று சொன்னதும் உட்காரச் சொன்னார்.

"எம்புட்டு நேரம் பேசுவீக?"

"நாப்பத்தஞ்சு நிமிசம்."

"சேர் போட்ட கூட்டமா?"

"சோபா மாதிரி சீட்டுண்ணே. ஏசி."

"கதவு உண்டா?"

"உண்டு."

"கதவு இருந்தா யாரு வேணும்னாலும் சிரிக்க வைக்கலாம் தம்பி. அதுலயும் நடுக்கடல்ல எந்திரிச்சு எங்குட்டுப் போவான்?"

ராஜபார்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார். எனக்கு இதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

ஞாயிறு, கீழக்கரை

மதியம் கீழக்கரை. இங்கே மச்சானுக்கு வேலையில்லை, பழைய பாக்கி வசூல். 17ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் வைத்து வியாபாரம் செய்த வள்ளல் சீதக்காதியின் ஊர், "செத்தும் கொடுத்தான்" என்று பெயர் வாங்கியவர். உயிரோடு இருப்பவரிடமே பாக்கி பெயரவில்லை என்று மச்சான் கடுப்பில் இருந்தான். அதற்குப் பதிலாக ஒரு கிலோ தொதல் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணிக்கணக்கில் கிண்டியது, எண்ணெய் விரலில் ஒட்டியது இதை எழுதும்போதும் போகவில்லை.

வசூல் நடந்த வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் இருந்தார், சரக்குக் கப்பலில் ஓடி ஓய்வு பெற்றவர். நான் கப்பல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த டிபார்ட்மென்ட்? டெக்கா, இன்ஜினா, சலூனா?" (சலூன் என்றால் கப்பலில் சாப்பாடு, உபசரிப்புப் பிரிவு.)

"மூணுலயும் இல்ல காக்கா. மேடைல ஜோக் சொல்றது." (காக்கா என்றால் இந்தப் பக்கம் அண்ணன்.)

கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க கப்பல்ல அந்த வேலைய பண்டாரி சும்மாவே செஞ்சாரு."

பண்டாரி என்றால் கப்பல் சமையல்காரர். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் கப்பலிலும் நல்ல நகைச்சுவை கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. பயணிகள் பார்க்காத ஒரு நீளமான நடைபாதை கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஓடும், அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரை வைத்து ஐ-95 என்பார்கள். அழுக்குத் துணி வண்டி, காய்கறிப் பெட்டி, ஆட்டக்காரிகள், எலக்ட்ரீசியன் எல்லாம் அதில்தான் போய் வருவார்கள். ராத்திரி வேலை முடிந்து பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா ஆட்கள் எல்லாம் அவர்களுடைய மெஸ்ஸில் கூடுவார்கள், எப்போதாவது நான் அங்கே ஒரு அரைமணி நேரம் பேசுவேன். சர்வதேசச் சட்டப்படி ஒரு நாளில் பதினாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, பத்து மணி நேரமாவது ஓய்வு கொடுக்கவேண்டும். அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு அரைமணியை எனக்குக் கொடுக்கிறார்கள் என்பதால் மேலே தியேட்டரில் இல்லாத பயம் அங்கே வரும்.

அங்கே எடுபடுவது பயணிகள் கேட்கும் கேள்விகள். எந்தக் கப்பலுக்குப் போனாலும் இந்தக் கேள்விகள் நமக்கு முன்னால் அங்கே போயிருக்கும். நள்ளிரவு பஃபே எத்தனை மணிக்கு? இந்தப் படிக்கட்டு மேலேயும் போகுமா? ராத்திரி ஊழியர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விடுவார்களா?

பெரியவரிடம் இதைச் சொன்னேன். முதல் இரண்டுக்கும் மரியாதைக்குச் சிரித்தார். மூன்றாவதுக்குச் சத்தமாகவே சிரித்துவிட்டு, தன் கதையைச் சொன்னார். நெடுநாள் கழித்து ஊருக்கு வந்து வாசலில் பெட்டியை இறக்கியபோது மூன்று வயது மகள் உள்ளே ஓடினாளாம், "உம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காக!" பக்கத்திலிருந்தவர்கள் இதை நூறு தடவை கேட்டிருப்பார்கள் போல, மாமா என்ற இடம் வருவதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டார்கள். அந்த மகள்தான் எங்களுக்கு டீ கொண்டுவந்தவர். அவரும் சிரித்தார்.

திங்கள், பாம்பன்

ரோடு பாலத்தின் மேல் வழக்கம் போல வண்டிகளை நிறுத்திவிட்டு எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். பக்கத்தில் இரண்டு ரயில் பாலம். 1914-இல் திறந்த பழையது, ஆட்கள் கையால் நெம்பித் தூக்கித் திறந்தது, ஓய்வில் நிற்கிறது. புதியது 2025 ஏப்ரலில் திறந்தது, நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் மேலே போகும். நாங்கள் போன நேரத்தில் அது மேலே போகவில்லை. மச்சான் ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் பாலத்தைத் திட்டினான்.

கீழே டீக்கடையில் ஒருவர் கேட்டார், உங்க கப்பல் இந்த வழியா வருமா என்று. வராது. எங்கள் கப்பல் தண்ணீருக்குள் எட்டு மீட்டர் அமுங்கியிருக்கும், இந்தக் கால்வாயில் தோணியும் விசைப்படகும் கடலோரக் காவல்படையின் சின்னக் கப்பலும் போகலாம், அதற்குமேல் தாங்காது. அந்தப் பக்கம் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளில் சில இடத்தில் ஆள் இறங்கி நிற்கும் ஆழம்தான். அதனால் கொச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. 2005-இல் தோண்ட ஆரம்பித்த சேது சமுத்திரக் கால்வாய் பாதியில் நின்றதும் தெரிந்த கதை, அதைப் பற்றி ஜோக் சொல்ல எந்தக் கட்சி மேடையிலும் அனுமதி இல்லை, எனக்கு மட்டும் என்ன. சென்னையிலிருந்து திரிகோணமலை, அம்பாந்தோட்டை வரைக்கும் சொகுசுக் கப்பல் போய் வந்திருக்கிறது, ராமேசுவரம் பக்கம் அதுவும் தலைகாட்டவில்லை. ஆக, உலகத்துக் கடலையெல்லாம் ஜன்னலில் பார்த்துவிட்டேன், சொந்த மாவட்டத்துக் கடலைக் கடலிலிருந்து பார்த்தது கிடையாது.

இதை அங்கே சத்தமாகச் சொன்னதன் பலன், மத்தியானம் ஒரு நாட்டுப்படகில் ஏற்றிவிட்டார்கள். விசைப்படகுகளுக்குத்தான் ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், நாட்டுப்படகு போகலாம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டதால் வடகடல் குளமாகக் கிடக்கும், தென்கடல் ஆடும். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே மாறிவிடும். வடக்கே போகலாமா தெற்கே போகலாமா என்று கேட்டபோது மச்சான் எனக்கு முன்னால் "தெக்க" என்றான்.

கப்பலின் தியேட்டர் பெரும்பாலும் அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம்தான் இருக்கும், கடல் மோசமானால் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான். ஆட்டக்காரர்கள் ஆளைத் தூக்கும் அடவுகளை விட்டுவிடுவார்கள், நான் காலை அகட்டி வைத்து மைக் ஸ்டாண்டைப் பிடித்தபடி பேசியிருக்கிறேன். ஒருநாளும் குமட்டியதில்லை. அந்தத் தைரியத்தில் படகில் எழுந்து நின்று பாலத்தைப் போட்டோ எடுத்தேன். கப்பலில் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் துடுப்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், ஆட்டத்தை அது வாங்கிக்கொள்ளும். நாட்டுப்படகில் அதை வாங்கிக்கொள்வது நம் வயிறுதான். குருசடைத் தீவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கீழக்கரைத் தொதல் கடலுக்குப் போனது.

"கப்பல்காரரு வாந்தி எடுக்குறாரு டோய்" என்று படகு ஓட்டியவர் பக்கத்துப் படகுக்குக் கத்தினார். பக்கத்துப் படகு அதற்கு அடுத்த படகுக்குக் கத்தியது. கப்பலில் இதற்குப் பச்சை ஆப்பிள் கொடுப்பார்கள். இங்கே தூக்குச் சட்டியிலிருந்து நீராகாரம் கொடுத்தார்கள். நீராகாரம் நன்றாகவே கேட்டது.

வருகிற வழியில் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கிய கரை, பாஸ்கர சேதுபதி வரவேற்றார். மேடைப் பேச்சுக்காகக் கப்பலேறிப் போய் நல்ல பெயரோடு இந்தக் கரைக்குத் திரும்பியவர் என்று மச்சானிடம் சொன்னேன். "அவரு வாந்தி எடுத்தாரா?" என்று கேட்டான்.

செவ்வாய், தங்கச்சிமடம் தாண்டி

ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ரோட்டோரம் மல்லிகை நாற்றுப் பண்ணைகள், அதைத் தாண்டினால் கடல், கடலோரம் அம்மன் கோயில், பொங்கல் வைத்து முடிந்த மறுநாள். கரை முழுக்க விசைப்படகுகளை ஏற்றி வைத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி பாட்டுக் கச்சேரிக்கு நடுவில் எனக்கு அரைமணி நேரம்.

கப்பலில் புதிதாகச் சேரும்போது கலை நிகழ்ச்சி மேனேஜர் ஒரு பட்டியல் சொல்வார். கப்பல் மூழ்குவது பற்றிப் பேசக்கூடாது, 1912-இல் பனிப்பாறையில் மோதிய கப்பலின் பெயர் வாயில் வரவே கூடாது. தீ கூடாது. வயிற்றுக் கோளாறு கூடாது, ஒருவருக்கு வந்தால் கப்பல் முழுக்கப் பரவும் சமாச்சாரம் அது. அரசியல், மதம், கூடவே கூடாது. இதெல்லாம் போக மிச்சம் இருப்பது மாமியாரும் பஃபேயும்தான். ஆகக் கடலுக்கு நடுவில் நின்றுகொண்டு கடலைத் தவிர எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருப்போம்.

சாயங்காலம் ஊர்த் தலைவரிடம் நானே கேட்டேன், எதையெல்லாம் பேசக்கூடாது அண்ணே? அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"கடலுக்குப் போயி வராதவகளப் பத்திப் பேசாதீக. இந்தத் தெருவுலயே இருக்கு. அப்புறம் அந்தப் பக்கத்து நேவி. அத நாங்க பேசிக்குவோம், நீங்க வேண்டாம். சாமி வேண்டாம். மத்தபடி எல்லாம் பேசுங்க. என்னையப் பத்திக்கூடப் பேசுங்க, பேரு சொல்லாம."

முதல் விஷயம் இரண்டு பட்டியலிலும் ஒன்றுதான். கப்பல் கம்பெனி அதைச் சொல்வது பயணி பயந்துவிடுவான் என்பதற்காக. இவர் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் பேசவில்லை, நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் அதே ஆட்கள் அடுத்த அரைமணி நேரம் எனக்குச் சொன்ன கதைகளைக் கேட்கவேண்டும். ஒருவர் இன்ஜின் நின்றுபோய் நீரோட்டத்தில் இரண்டு ராத்திரி மிதந்தாராம், செல்போனில் கடைசி ஒரு கோடு சார்ஜ் இருந்தபோது வந்த ஒரே கால், லோன் வேண்டுமா சார் என்று. "வேணும்மா, ஒரு இன்ஜின் வேணும்னு சொன்னேன், கட் பண்ணிட்டா." எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மிதந்தவருடைய மனைவிதான் அதிகம் சிரித்தார். இதை நான் மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். "அவரு சொல்லட்டும்" என்றார் தலைவர்.

ஒன்பதரைக்கு மைக். கச்சான் மைக்குக்குள் புகுந்து உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டிருந்தது, மச்சான் ஒரு பனியன் துணியைக் கிழித்து அதன் மேல் கட்டினான். எதிரே மணலில் கூட்டம், நாலா பக்கமும் திறந்த வெளி. பபூன் சொன்ன கதவு என் கண் முன்னாலேயே நின்றது.

மாமியார் ஜோக்கில் ஆரம்பித்தேன். கடைசி வரிசையில் நாலு பேர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். இங்கிலீஷ்காரன் ஜோக் ஒன்றைத் தமிழாக்கி வைத்திருந்தேன், அதற்கு இன்னும் பத்துப் பேர் போனார்கள். சரி என்று அதையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, சொகுசுக் கப்பல் என்றால் என்ன என்று விவரிக்க ஆரம்பித்தேன், ஜோக்காக இல்லை, சும்மா. பதினஞ்சு மாடி. மேலே நீச்சல் குளம்.

"சுத்திக் கடலு இருக்கும்போது எதுக்குய்யா குளம்?" என்றது ஒரு கிழவியின் குரல். முதல் சிரிப்பு அங்கேதான் வந்தது, எனக்கில்லை, அவருக்கு.

நான் விடவில்லை. ஒரு வாரம் கடலில் போவார்கள் ஆத்தா, வலையே போடமாட்டார்கள், ஒரு மீன்கூடப் பிடிக்காமல் கரைக்கு வருவார்கள், அதற்கு லட்சக்கணக்கில் காசு வேறு கட்டுவார்கள் என்றேன்.

ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் பெயின்ட் கையோடு நின்ற ஒருவர், "காசக் கட்டி, டீசலப் போட்டு, ஒரு மீனும் இல்லாம வர்றதா? அப்ப நம்ம போட்டும் சொகுசுக் கப்பல்தான்டா!" என்று கத்தினார்.

அந்தச் சத்தத்தில் டீக்கடைக்குப் போனவர்கள் ஓடி வந்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பெரிய வேலை இல்லை, ஒவ்வொரு படகையும் கப்பலாக்கினோம். ஐஸ் உடைக்கிறவர் பார் மேனேஜர், சமையல் செய்கிற பையன் தலைமைச் செஃப், ஓனர் வீட்டில் ஃபேனுக்குக் கீழே இருக்கும் கேப்டன். பெயர் சொல்லாத தலைவரை லைஃப் ஜாக்கெட் ஆக்கினார்கள், தேவைப்படும் நேரத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாதாம். தலைவர் கோயில் தூணில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தடைக்காலத்தைப் பற்றிப் பேச்சைத் திருப்பினேன். மீன் குஞ்சு பொரிக்க 61 நாள் ஓய்வு, நல்லதுதானே என்றேன். முன்வரிசையில் ஒரு அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "மீனுக்கு ஓய்வு குடுத்தாக. இந்த ஆம்பளைகள 61 நாளு வீட்டுல உக்கார வச்சிருக்காகளே, எங்களுக்கு யாரு ஓய்வு குடுக்குறது? நெவாரணம் எட்டாயிரத்த எங்க கையில குடுக்கச் சொல்லு!" பெண்கள் பக்கம் விசில். நான் மைக்கை அவரிடம் நீட்டினேன், அவர் அடுத்த ஐந்து நிமிடம் திருப்பித் தரவில்லை. அரைமணி நேரம் ஒரு மணி நேரமானது. மிதந்தவர் கதையை அவரே வந்து சொன்னார்.

பாட்டுக் கச்சேரிக்காரர்கள் என்னை முறைத்துக்கொண்டே மேடை ஏறினார்கள்.

புதன், தனுஷ்கோடி

ராத்திரி தூங்கியது மூன்று மணிக்கு, அரிச்சல்முனைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. கடல்தொழில் செய்கிறவர்கள் இங்கே ஒரு பக்கத்தைப் பெண் கடல் என்றும் மறுபக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள், இன்றைக்கு ஆண் கடல்தான் அறைந்துகொண்டிருந்தது.

இந்தச் சீமையிலிருந்தும் ஒரு காலத்தில் பயணிகள் கப்பல் ஓடியது. 1914 முதல் போட் மெயிலில் சென்னையில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, ஸ்டீமரில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் துறைமுகமும் ஊரும் போயின, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் உள்ளிருந்தவர்களோடு போயிற்று. அதற்குப் பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல் விட்டார்கள், அதையும் 1980களில் இலங்கைப் போர் நிறுத்தியது. இடிந்த தேவாலயத்துச் சுவருக்கு முன்னால் சங்கு விற்கிற தம்பி, மொபைலில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு குடும்பத்துக்குப் புயல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான், அடுத்த குடும்பம் வந்ததும் அதே கதையை அதே ஏற்ற இறக்கத்தோடு முதலிலிருந்து ஆரம்பித்தான். இரண்டு பந்தி, ஒரே ஷோ. நடுவில் சங்கு விலையை எங்கே நுழைக்கிறான் என்று கவனித்தேன், ரயில் கவிழ்ந்ததற்கும் ஊர் அழிந்ததற்கும் இடையில். இவன் கையில் எந்தப் பட்டியலும் இல்லை.

அங்கே நிற்கும்போது தலைவர் போன் செய்தார். அடுத்த வைகாசிக்கு வருவீர்களா என்று கேட்டார். அப்போது கப்பலில் இருப்பேனோ என்னவோ, கான்ட்ராக்ட் தேதி வந்தால்தான் தெரியும் என்றேன். "ஒங்க கப்பலுக்கு லீவு சொல்லுங்க, நம்ம கப்பல் இங்கனதான் நிக்கும்" என்றார். ரேட் என்ன என்று கேட்டார். பாடகருக்குக் கொடுத்ததில் பாதி தருவதாகவும், ஒரு கூடை நகரை மீன் தனியாக உண்டு என்றும் சொன்னார். நான் இழுக்கும்போதே மச்சான் போனைப் பிடுங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பேசினான்.

கப்பல் கம்பெனியோடு பேச எனக்கு ஒரு ஏஜென்ட் இருக்கிறார், கமிஷன் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மச்சான் பேசி முடித்துவிட்டு வந்து மீனில் பாதி தனக்கு என்று மட்டும் சொன்னான். காசு விஷயத்தைக் கேட்டால், மைக் செட் வாடகையையும் சேர்த்துப் பேசியிருக்கிறேன் என்கிறான்.